ஷார்ஜா பள்ளி வேலை: 79 ஆயிரம் எப்படி 16 ஆயிரம் ஆனது

2024 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். கோவில்பட்டியிலிருந்து என் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரே வரி: "அண்ணே, இதப் பாத்துட்டுச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம்."

ஐக்கிய அரபு அமீரகத்தின் ஷார்ஜாவில் உள்ள ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. ஏப்ரலில் சேர வேண்டும். நான் அதே ஷார்ஜாவில் 11 வருடம் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவன், மாதாமாதம் ஊழியர்களின் சம்பளக் கோப்பைத் தயார் செய்து வங்கிக்கு அனுப்பியது என் கைதான். அதனால்தான் என்னிடம் கேட்டாள். அந்தப் பத்து நாளில் நாங்கள் என்ன பார்த்தோம், எதில் ஏமாற இருந்தோம், கடைசியில் ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். பள்ளியின் பெயரும் ஏஜென்ட் பெயரும் இங்கே வராது.

முதலில் அவள் நிலைமை. வயது 33, பி.எஸ்சி. கணிதம் கல்லூரிக்குப் போய்ப் படித்தது, எம்.எஸ்சி. தபால் வழி, அப்புறம் பி.எட். ஒரே மெட்ரிக் பள்ளியில் ஏழு வருடம் முடித்துவிட்டாள். சம்பளம் 24,000. மாப்பிள்ளை எலெக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறார், கடை பரவாயில்லை, ஆனால் அதன் மேல் ஒரு கடன் இருக்கிறது. ஆறு வயதில் ஒரு மகள், அம்மா வேலை பார்க்கும் பள்ளியிலேயே கட்டணம் இல்லாமல் படிக்கிறாள்.

பிடிஎஃப் மூன்று பக்கம். முதல் பக்கத்திலேயே மொத்தச் சம்பளம் 3,500 திர்ஹம் என்று தடித்த எழுத்தில். அன்றைய மதிப்பில் ஒரு திர்ஹம் 22 ரூபாய் 60 காசு, ஆக 79,100 ரூபாய். வீட்டில் எல்லோர் வாயிலும் அந்த 79 ஆயிரம்தான். சித்தி அதற்குள் பக்கத்து வீட்டில் சொல்லியும் விட்டார். கடன் 18 மாதத்தில் அடைந்துவிடும் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே கோவில்பட்டிக்குப் போனேன். போனில் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

தரையில் உட்கார்ந்தோம், மகளின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி வைத்துக்கொண்டோம். இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதை அவள் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 1,300, மற்ற 2,200-உம் பலவிதமான அலவன்ஸ். தங்கும் இடம் பள்ளியே தரும், பகிர்ந்துகொள்ளும் அறை. "மொத்தம் ஒண்ணுதானே அண்ணே, எப்படிப் பிரிச்சா என்ன?" என்றாள். நிறைய பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை பேசிக்கை வைத்துத்தான் கணக்காகும். 2021-இல் போட்டு 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டப்படி முதல் ஐந்து வருடங்களுக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் போனால் 30 நாள், ஒரு வருடம் முடிக்காமல் வந்தால் எதுவும் இல்லை. 1,300 பேசிக் என்றால் வருடத்துக்கு 910 திர்ஹம். அதே மொத்தச் சம்பளத்தில் பேசிக் 2,000 ஆக இருந்தால் 1,400. 2023 ஜனவரியில் கொண்டுவந்த வேலையிழப்புக் காப்பீடும் அப்படித்தான், மாதம் 5 திர்ஹம் கட்டினால், 12 மாதம் கட்டி முடித்த பிறகு, தன் தவறில்லாமல் வேலை போனவருக்கு அதிகபட்சம் மூன்று மாதம் பேசிக்கில் 60 சதவீதம் தருவார்கள். 1,300-இல் 60 சதவீதம் 780 திர்ஹம், ஷார்ஜாவில் அதை வைத்து ஒரு மாதம் ஓட்டுவது மிகக் கடினம். வேலை நல்லபடியாகப் போகும் வரை மொத்தம் ஒன்றுதான். அது கெட்டுப்போகும் நாளில் கையில் இருப்பது பேசிக்தான்.

அப்புறம் கணக்கு எழுதினோம், அவளே எழுதினாள்.

3,500-இல் அங்கே அவளுக்கு என்ன செலவாகும்? சாப்பாடு, போன், சோப்பு சீப்பு, வாரக் கடைசியில் ஒரு முறை வெளியே போய் வருவது, எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக 1,000 திர்ஹம். நான் அங்கே இருந்தவன், இதற்குக் கீழே போட்டால் அது பொய்க் கணக்கு. மீதி 2,500, ரூபாயில் 56,500. இது வரைக்கும் எல்லோரும் போடுகிற கணக்குதான். இங்கே எதை விட்டுவிட்டுப் போகிறாள் என்பதை யாரும் எழுதவில்லை. சம்பளம் 24,000. பள்ளி அவள் பேரில் கட்டும் பிஎஃப் 1,800. சாயங்காலம் வீட்டில் 12 பிள்ளைகளுக்கு டியூஷன், தலைக்கு 700, அது 8,400. மொத்தம் 34,200. இதைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் தன் வருமானம் 24,000 இல்லை என்பதே அவளுக்குத் தெரிந்தது. ஏழு வருடமாக "எனக்கு 24 ஆயிரம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அவள், நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

56,500-இல் 34,200 போனால் 22,300. அவள் அந்தப் பள்ளியை விட்டால் மகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், வருடம் 28,000, மாதத்துக்கு 2,333. அத்தைக்கு, அதாவது அவள் மாமியாருக்கு, மூட்டுவலி, தனியாகச் சமாளிக்க முடியாது, வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வைத்தால் 4,000. கடைசியில் நின்றது 15,967 ரூபாய்.

வீட்டில் அவள் சாப்பாட்டுச் செலவு மிச்சம்தானே என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. அதை விமான டிக்கெட்டுக்கு எதிரே வைத்தோம், ஏனென்றால் பள்ளி இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் டிக்கெட் தருகிறது, ஆறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் தாய் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏஜென்ட் விஷயம்

ஏஜென்ட் கேட்டது 1,20,000 ரூபாய். பாதி கையெழுத்துப் போடும்போது, மீதி விசா வந்ததும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்த முகவராக இருக்க வேண்டும், அப்படிப் பதிவு செய்தவரும் வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்கலாம், அதாவது 35,400, அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. பதிவு எண்ணை அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டால் முகவர் பெயர் வந்துவிடும். நான் எண் கேட்டேன். "சார், டீச்சர் வேலைக்கெல்லாம் அது தேவையில்லை" என்றார். பத்தாம் வகுப்பு தாண்டியவர்களுக்குக் குடியேற்ற அனுமதி முத்திரை தேவையில்லை என்பது உண்மை, அதை வைத்துத்தான் குழப்புகிறார்கள். அது பயணிக்கு உள்ள விலக்கு. முகவர் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு அது விலக்கு ஆகாது.

அடுத்து ஒன்று சொன்னார், அதில்தான் நான் எழுந்தே விட்டேன். நேரமாகிறது, விசிட் விசாவில் முதலில் போய்விடட்டும், வகுப்பு எடுக்க ஆரம்பிக்கட்டும், அங்கே போன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். சம்பளம் வராவிட்டால் புகார் கொடுக்கக்கூட நிற்க இடம் இருக்காது, ஏனென்றால் அரசுப் பதிவேட்டில் நீங்கள் ஊழியரே இல்லை. என் கண்ணெதிரே இப்படி வந்து மூன்று மாதம் உழைத்துவிட்டு வெறும் கையோடு திரும்பிய பையன்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்ததைத் தவிர எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தயவுசெய்து யாரும் இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளி அனுப்பும் பிடிஎஃப் வேறு, அமீரகத்தின் மனிதவள அமைச்சகம் வழியாக வரும் வேலை ஒப்புதல் கடிதம் வேறு. இரண்டாவதுதான் சட்டப்படி நிற்கும். அதில் ஒரு எண் இருக்கும், அமைச்சகத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். அரபி, ஆங்கிலத்தோடு ஊழியருக்குப் புரியும் மொழியிலும் அது கிடைக்கும், அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. பின்னால் போடும் ஒப்பந்தம் இந்தக் கடிதத்தில் உள்ளதற்குக் குறைவாக இருக்கக் கூடாது என்பது விதி. ஏஜென்ட் கையெழுத்துக் கேட்டதோ பிடிஎஃப்பில்.

அங்கே வேலை பார்க்கும் டீச்சர்

பள்ளியின் இணையதளத்தில் ஆசிரியர் பட்டியல் இருந்தது. அதில் ஒரு தமிழ்ப் பெயரைப் பிடித்து, தெரிந்தவர் தெரிந்தவர் என்று நாலு கை மாறி அந்த அம்மாவின் எண் கிடைத்தது. வீடியோ காலில் வந்தார். இந்த ஒரு போன் ஆயிரம் கூகுள் தேடலுக்குச் சமம்.

அறையைக் காட்டினார். இரண்டு கட்டில், நடுவில் கயிறு கட்டி ஒரு பூப்போட்ட போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள், அதுதான் சுவர். கட்டிலுக்கு அடியில் பெட்டி, பெட்டியின் மேல் திருத்த வேண்டிய நோட்டுகள். ஜன்னல் ஓரத்தில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. அறை சுத்தமாக இருந்தது, அவர் குறை சொல்லவில்லை. "சம்பளம் தேதி தவறாம பேங்க்ல வந்துடும்மா, அதுல ஒரு குறையும் இல்ல" என்றார். அது பெரிய விஷயம். 2009-லிருந்து அங்கே சம்பளம் வங்கி வழியாக அரசுக்குத் தெரியும்படிதான் போக வேண்டும், ஆனாலும் தாமதப்படுத்தும் இடங்கள் உண்டு.

வாரம் 30 பீரியடு என்றார். ஷார்ஜாவில் 2022-லிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை, பள்ளி நாலே நாள்தான். கேட்கச் சுகமாக இருக்கிறது, ஆனால் ஐந்து நாள் பாடம் நாலு நாளுக்குள் அடைபடுகிறது. நாளுக்கு ஏழெட்டு வகுப்பு, யாராவது லீவு போட்டால் அதுவும் நம் தலையில். மூன்று நாள் விடுமுறையில் ஒரு நாள் நோட்டு திருத்தவே போய்விடும் என்றார்.

மாப்பிள்ளை போனை வாங்கி டியூஷன் எடுக்கலாமா என்று கேட்டார். ஏஜென்ட் அதில்தான் "இரட்டைச் சம்பளம்" என்று ஆசை காட்டியிருந்தார். அனுமதி இல்லாமல் டியூஷன் எடுப்பது அங்கே சட்டவிரோதம். 2023 டிசம்பரில்தான் தனியார் டியூஷனுக்கு அரசு இலவசமாக அனுமதிச் சீட்டு தர ஆரம்பித்தது, இரண்டு வருடத்துக்குச் செல்லும், ஆனால் பள்ளியில் வேலை பார்ப்பவர் பள்ளியிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பள்ளி தருமா என்று கேட்டதற்கு அந்த அம்மா சிரித்துவிட்டு, கேட்டவர்களுக்கு இதுவரை தரவில்லை என்றார்.

மகளைக் கூட்டிப்போவது

இதைத்தான் அவள் முதல் நாளிலிருந்து மனதில் வைத்திருந்தாள். சட்டத்தில் வழி இருக்கிறது: மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000-உம் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை ஸ்பான்சர் செய்யலாம், பெண்ணும் செய்யலாம். ஏஜென்ட் இதைச் சொல்லித்தான் அவளைத் தூக்கிவிட்டார். ஆனால் பகிரும் அறையில் ஒரு கட்டிலைக் காட்டிக் குடும்ப விசா வாங்க முடியாது. தனி வீட்டின் வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒரு படுக்கையறை வீட்டுக்கு அந்த டீச்சர் சொன்ன வாடகை வருடம் 24,000 திர்ஹம், மாதம் 2,000. மீதமாகும் 2,500-இல் அது போய், பிள்ளையின் கட்டணமும் போய், விசாச் செலவும் போனால் கையில் ஒன்றும் நிற்காது. மாப்பிள்ளையும் கடையை மூடிவிட்டு வந்து அங்கே வேலை தேட வேண்டும். ஓடுகிற கடையை மூடுவதா? அவரே வேண்டாம் என்றார்.

பள்ளிக்கு நேரடியாக எழுதினோம்

ஏஜென்டைத் தாண்டிப் பள்ளியின் மின்னஞ்சலுக்கே எழுதச் சொன்னேன். பயந்தாள், வேலை போய்விடுமோ என்று. நாம் மரியாதையாகக் கேட்கிற கேள்விக்குக் கோபப்படும் இடம் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது என்றேன். பேசிக்கைக் கூட்ட முடியுமா, முதல் வருடம் ஜூலை ஆகஸ்ட் சம்பளம் எப்போது வரும், மருத்துவக் காப்பீடு உண்டா, இரண்டு வருடத்துக்கு முன் விலகினால் 4,000 திர்ஹம் கட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறதே அது எதற்கு, முகவருக்கு நாங்கள் ஏதாவது தர வேண்டுமா. ஐந்தே கேள்வி.

விடுமுறைச் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வருடக் கோடை விடுமுறைச் சம்பளத்தைக் கல்வியாண்டு முடிந்த பிறகே தருவோம் என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஏப்ரலில் சேர்ந்தால் ஜூலையில் வெறுங்கை, 7,000 திர்ஹம், ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல், அடுத்த மார்ச் வரை அவர்களிடம் இருக்கும். தகுதிகாண் காலமும் ஆறு மாதம் வரை போகலாம் என்பதால் விடுமுறை முழுக்க அதற்குள்ளேயே வருகிறது. கடனை அடைக்கப் போகிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது, நல்ல மரியாதையான பதில். பேசிக் 2,000 ஆக்கலாம், மொத்தம் மாறாது. விடுமுறைச் சம்பளத்தை அந்தந்த மாதமே தரலாம். காப்பீடு தகுதிகாண் காலம் முடிந்த பிறகு. (அப்போது அபுதாபியிலும் துபாயிலும்தான் முதலாளி காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்தது, ஷார்ஜாவுக்கு அது 2025 ஜனவரியில்தான் வந்தது.) விண்ணப்பதாரரிடம் பணம் வாங்க யாருக்கும் நாங்கள் அனுமதி தரவில்லை, முகவருக்கான கட்டணம் எங்கள் பொறுப்பு என்றும் எழுதியிருந்தார்கள். அதாவது அந்த 1,20,000 முழுக்க ஏஜென்டின் பைக்குப் போக இருந்தது. ஒரு மின்னஞ்சல் காப்பாற்றியது அது.

ஆனால் 4,000 திர்ஹம் விஷயத்தில் அசையவில்லை. விசாவுக்கும் ஆளெடுப்புக்கும் ஆன செலவு, பள்ளியின் நடைமுறை என்றார்கள். அந்தச் செலவை நேராகவோ மறைமுகமாகவோ ஊழியரிடம் வாங்கக் கூடாது என்று அதே 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. வழக்கு என்று போனால் அவள் பக்கம்தான் நிற்கும். ஆனால் தனியாகப் போகிற ஒரு பெண் வழக்குக்குப் போகிற நிலையை ஏன் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்? இந்த இடத்தில் என் மனம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது, ஆனாலும் நான் சொல்லவில்லை. முடிவு அவளுடையது.

நாலு நாள் எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு இன்னும் அரை மனது இருந்தது, 16 ஆயிரமும் பணம்தானே மச்சான் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, கடன் கட்டுகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும். கல்யாணமாகாத பெண்ணாக இருந்தாலோ, கணவர் ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்தாலோ, திருத்திய இதே ஆஃபருக்கு நானே தைரியமாகப் போ என்று சொல்லியிருப்பேன். பள்ளி மோசமான பள்ளி இல்லை. சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்கள், கேட்டால் பதில் சொல்கிறார்கள்.

வியாழன் இரவு போன் செய்தாள். "40 ஆயிரம் மிஞ்சும்னா பிள்ளைய அத்தைகிட்ட விட்டுட்டுப் போயிருப்பேண்ணே. 16 ஆயிரத்துக்கு மனசு வரல." அவ்வளவுதான். மறுநாள் நன்றி சொல்லிப் பள்ளிக்கு எழுதிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜூனில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு டியூஷன் பேட்ச் ஆரம்பித்தாள், ஒன்பது பேர், தலைக்கு 1,000. அந்த 16 ஆயிரத்தில் பாதிக்கு மேல் அங்கேயே வந்துவிட்டது. இன்னொன்று, இந்தக் கணக்கைப் போடும்போதுதான் அவளுடைய பணிக்கொடையைப் பற்றிப் பேச்சு வந்தது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அது உண்டு என்பதை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது. அவளுடைய பேசிக்கும் பஞ்சப்படியும் 18,000, ஏழு வருடத்துக்கு 15 நாள் கணக்கில் 72,692 ரூபாய். பள்ளியில் யாரும் இவளிடம் இதைச் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. இப்போது சேர்ந்த தேதி உள்ள நியமன உத்தரவின் நகலை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

சான்றிதழ் வேலையையும் அவசரமில்லாமல் முடித்துவிட்டாள். ஒரே முத்திரையோடு பிற நாட்டுச் சான்றிதழை ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் அமீரகம் இல்லை, அதனால் மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும், கடைசி முத்திரை அங்கே போய். ஏஜென்ட் 26,000 கேட்டதை இவளே விசாரித்துச் செய்ததில் 17,000-இல் முடிந்தது. தபால் வழிப் பட்டத்தை அங்கே ஏற்பதில் சிக்கல் வரும் என்பதால் எம்.எஸ்சி.யை விட்டுவிட்டு பி.எஸ்சி.யையும் பி.எட்.டையும் மட்டும் கொடுத்தாள்.

போன மாதம் வேறொரு பள்ளியிலிருந்து ஆன்லைன் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள், இந்த முறை துபாய். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டதும், பேசிக் எவ்வளவு, குடும்பத்தோடு தங்க வீடு உண்டா என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. அந்த நோட்டு அவள் மேசையில்தான் இருக்கிறது.